வெனோசா: தென் இத்தாலியச் சிற்றூரின் வரலாறும் மாந்தரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெனோசா எங்கே இருக்கிறது? அவ்வூரைத் தனியாக அறிய வேண்டிய தேவை என்ன?

இத்தாலியின் தெற்கில், பசிலிக்காத்தா மாநிலத்தின் பொடென்சா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 415 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மீது அமைந்துள்ள ஊர் வெனோசா. மேற்கே 1,326 மீட்டர் உயரமுள்ள வுல்த்துரே என்னும் அணைந்த எரிமலையும், வடக்கே ஒஃபாந்தோ ஆறும், கிழக்கே அப்புலியாவின் கோதுமைச் சமவெளியும் உள்ளன. மக்கள்தொகை இன்று ஏறத்தாழ 11,000 மட்டுமே.

இலத்தீன் மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவரான ஹொரேஸ் இங்கே பிறந்தார். ரோமின் புகழ்பெற்ற தளபதி மார்செல்லஸ் இதன் அருகே கொல்லப்பட்டார். தென் இத்தாலியை வென்ற நார்மானியத் தலைவர்கள் தங்கள் குடும்பக் கல்லறையை இங்கேதான் அமைத்தனர். மேற்கத்திய இசை வரலாற்றில் தனியிடம் பெற்ற கார்லோ ஜெசுவால்தோ இவ்வூரின் கோமகனாக இருந்தார். மலைநாட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழியில் இவ்வூர் இருந்ததால் படைகள், வணிகர்கள், துறவிகள், அகதிகள் என எல்லாரும் இதைக் கடந்தே சென்றனர்; அந்த நடமாட்டமே இச்சிற்றூருக்கு இத்தனை நெடிய வரலாற்றைத் தந்தது. பெரிய பெயர்களுக்கு நிகராக, இவ்வூரின் கல்லறைகளில் மட்டும் பெயர் எஞ்சியிருக்கும் எளிய மாந்தரும் கவனிக்கத் தக்கவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே மனிதர் வாழ்ந்ததற்கான மிகப் பழைய சான்று எது?

ஊருக்கு வெளியே உள்ள நொத்தார்கீரிக்கோ என்னும் அகழாய்வுக் களம். ஏறத்தாழ ஏழு லட்சம் ஆண்டுகள் முதல் ஆறு லட்சம் ஆண்டுகள் வரை பழைமையுள்ள மண்ணடுக்குகள் அங்கே கிடைத்துள்ளன. அன்று அது ஒரு நீர்நிலையின் கரையாக இருந்தது. நேர்த்தந்த யானை என அழைக்கப்படும், இன்று அழிந்துபோன பேருயிரின் மண்டையோடும், அதைச் சுற்றிக் கைக்கோடரிகளும் சிறு கற்கருவிகளும் கண்டெடுக்கப்பட்டன. 1985-ஆம் ஆண்டில் ஒரு மனிதத் தொடையெலும்பின் துண்டும் கிடைத்தது. இத்தாலியில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய மனித எச்சங்களுள் அதுவும் ஒன்று. எரிமலை உமிழ்ந்த சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்ததால்தான் இந்த அடுக்குகளின் காலத்தை அறிவியல் முறையில் கணிக்க முடிந்தது.

ரோமானியர் ஏன் இவ்வூரைக் கைப்பற்றினர்?

கி.மு. 291-இல், சாம்னைட் மக்களுக்கு எதிரான போரின் இறுதிக்கட்டத்தில், ரோமானியர் இவ்வூரைக் கைப்பற்றி, வெனூசியா என்னும் இலத்தீன் குடியேற்றமாக மாற்றினர். இருபதாயிரம் பேர் குடியமர்த்தப்பட்டதாக ஒரு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அந்த எண்ணிக்கை மிகையானது என்றே இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எனினும் அன்றைய குடியேற்றங்களுள் இது பெரியது என்பதில் ஐயமில்லை. சாம்னைட்டுகளின் மலைநாட்டையும், லுக்கானியரின் நிலத்தையும், அப்புலியச் சமவெளியையும் ஒருங்கே கண்காணிக்கத் தக்க இடம் இது. பின்னர் ரோமிலிருந்து பிரிந்திசித் துறைமுகம் வரை நீண்ட அப்பியா நெடுஞ்சாலை வெனூசியா வழியாகவே சென்றது. அந்த நெடுஞ்சாலை 2024-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஹன்னிபாலின் போரில் வெனோசாவின் பங்கு என்ன?

கி.மு. 216-இல், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் கன்னே போர்க்களத்தில் தோற்று ரோமின் படை ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தபோது, உயிர்தப்பிய கொன்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) வார்ரோ சில குதிரைவீரர்களுடன் வெனூசியாவுக்கு வந்து சேர்ந்தார். சிதறி ஓடிய வீரர்கள் அடுத்தடுத்த நாட்களில் அவரைத் தேடி வர, ஏறத்தாழ 4,500 பேர் ஊரில் திரண்டனர். அப்போது ஊர்மக்கள் நடந்துகொண்ட விதத்தை வரலாற்றாசிரியர் லிவி விவரமாகப் பதிவு செய்துள்ளார். வந்தவர்களை வீடுவீடாகப் பிரித்துக்கொண்டு பேணினர். குதிரைவீரர் ஒவ்வொருவருக்கும் உள்ளாடையும் மேலாடையும் 25 வெள்ளிக் காசுகளும், காலாட்படையினர் ஒவ்வொருவருக்கும் 10 காசுகளும், ஆயுதம் இழந்தவர்களுக்கு ஆயுதமும் தந்தனர். ரோம் இனி எழாது என்று பல நகரங்கள் ஹன்னிபாலின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை என்பதை நினைத்தால் இந்தச் செயலின் அருமை புரியும்.

கி.மு. 209-இல் முப்பது இலத்தீன் குடியேற்றங்களுள் பன்னிரண்டு, இனி ஆளும் பணமும் தர இயலாது என்று கைவிரித்தன. தொடர்ந்து துணைநின்ற பதினெட்டில் வெனூசியாவும் ஒன்று.

தளபதி மார்செல்லஸ் இங்கே எப்படி இறந்தார்?

சிராக்கூசா நகரை வென்றவரும், ஐந்து முறை கொன்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான மார்க்கஸ் கிளாவ்தியஸ் மார்செல்லஸ், கி.மு. 208-இல் வெனூசியாவுக்கும் பாந்தியாவுக்கும் இடையே ஹன்னிபாலை எதிர்கொண்டு பாளையமிட்டிருந்தார். இரு பாளையங்களுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு குன்று இருந்தது. அதைத் தாமே பார்வையிட எண்ணி, உடன் கொன்சலான கிரிஸ்பினஸையும் 220 குதிரைவீரர்களையும் மட்டும் அழைத்துச் சென்றார். குன்றின் மறைவில் ஹன்னிபாலின் வட ஆப்பிரிக்க நுமிதிய வீரர்கள் பதுங்கியிருந்தனர். உடன்சென்றவர்களில் எத்ரூரியா நாட்டவர் ஓடிவிட்டனர். பிரெகெல்லே ஊரைச் சேர்ந்த நாற்பது பேர் மட்டும் கொன்சல்களைச் சூழ்ந்து நின்று போரிட்டனர். மார்செல்லஸ் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். கிரிஸ்பினஸ் காயத்துடன் தப்பினாலும் அதே ஆண்டு இறந்துபோனார்.

ஹன்னிபால் பகைவரின் உடலுக்கு உரிய மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்தார். ஆனால் அவருடைய முத்திரை மோதிரத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டு பொய்க்கடிதம் அனுப்பி ஒரு நகரை ஏமாற்றிப் பிடிக்கவும் முயன்றார். இதை எதிர்பார்த்து அண்டை நகரங்களைக் கிரிஸ்பினஸ் முன்னரே எச்சரித்திருந்ததால் அந்தச் சூழ்ச்சி பலிக்கவில்லை. இன்று ஊரில் ‘மார்செல்லஸின் கல்லறை’ என்று காட்டப்படும் செங்கற்கட்டடம் பிற்காலத்து ரோமானியக் கல்லறை ஒன்றின் எச்சமே.

ஹொரேஸின் இளமைக்கும் வெனோசாவுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது?

குவிந்தஸ் ஹொராத்தியஸ் பிளாக்கஸ் கி.மு. 65 டிசம்பர் 8 அன்று இங்கே பிறந்தார். அவருடைய தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தந்தை அடிமையான சூழலுக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி இருந்திருக்கலாம். கி.மு. 90-இல், குடியுரிமை கோரி இத்தாலிய நட்பினங்கள் ரோமுக்கு எதிராக எழுந்தபோது, இலத்தீன் குடியேற்றங்களுள் வெனூசியா மட்டுமே அந்தக் கிளர்ச்சியில் சேர்ந்தது. ஊர் மீண்டும் பிடிபட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவராகவே ஹொரேஸின் தந்தை அடிமையாகியிருக்கக்கூடும் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

விடுதலை பெற்றபின் அவர் ஏலத்தொகை வசூலிக்கும் தொழில் செய்தார். சிறிய நிலம் ஒன்றும் வைத்திருந்தார். ஊரில் பிளாவியுஸ் என்பவர் நடத்திய பள்ளியில், படைத்தலைவர்களின் பெரிய பெரிய பிள்ளைகள், இடத்தோளில் பையும் எழுதுபலகையும் தொங்க, மாதந்தோறும் கட்டணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படித்தனர் என்று ஹொரேஸ் எழுதியுள்ளார். அந்தப் பள்ளி தம் மகனுக்குப் போதாது என்று தந்தை துணிந்தார். மகனை ரோமுக்கே அழைத்துச் சென்று, செனட்டர்களின் பிள்ளைகள் கற்பதையெல்லாம் கற்பித்தார். வகுப்புக்கு வகுப்பு தாமே துணையாகச் சென்று மகனின் ஒழுக்கத்தையும் காத்தார். பிறப்பைப் பழித்தவர்களுக்கு விடைசொல்லும்போது, மீண்டும் பிறந்து பெற்றோரைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்புக் கிடைத்தாலும் இதே தந்தையையே தேர்வேன் என்ற பொருள்பட ஹொரேஸ் எழுதினார். பழங்கால இலக்கியத்தில் மகன் ஒருவன் தந்தைக்குச் செலுத்திய நன்றிகளுள் இதற்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

பின்னர் ஏதென்சில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸின் படையில் சேர்ந்தார். கி.மு. 42-இல் பிலிப்பி போரில் அப்படை தோற்றது. வென்றவர்களின் முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் வழங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரங்களில் வெனூசியாவும் இருந்தது; ஹொரேஸ் திரும்பி வந்தபோது தந்தை வழிச் சொத்து பறிபோயிருந்தது. ரோமில் கருவூல எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதினார். செல்வரும் புரவலருமான மெசேனாஸின் நட்புக் கிடைத்தபின், ரோமுக்கு அருகே சபீன் மலைநாட்டில் ஒரு பண்ணை அவருக்கு அமைந்தது. பிறந்த ஊரில் அவர் மீண்டும் குடியேறவில்லை. கி.மு. 8-இல் ரோமில் இறந்தார்.

அவருடைய கவிதைகளில் இவ்வூர் இடம்பெறுகிறதா?

பல இடங்களில். சிறுவனாக வுல்த்துரே மலையில் விளையாடிக் களைத்து உறங்கியபோது காட்டுப்புறாக்கள் இலைகளைக் கொணர்ந்து தம்மைப் போர்த்தின என்றும், பாம்பும் கரடியும் அண்டாமல் குழந்தை கிடந்ததைக் கண்டு, பாறையுச்சிக் கூடுபோன்ற அக்கெரோந்தியாவிலும், பாந்தியாவின் மலைக்காடுகளிலும், தாழ்நிலத்துப் பொரெந்தூமிலும் வாழ்ந்தோர் வியந்தனர் என்றும் ஒரு பாடலில் கூறுகிறார். அந்த மூன்று ஊர்களும் அச்செரென்சா, பான்சி, பொரென்சா என்னும் பெயர்களுடன் இன்றும் அப்பகுதியில் உள்ளன. வெண்கலத்தினும் நிலைத்த நினைவுச்சின்னத்தை எழுப்பிவிட்டேன் என்று தம் கவிதையைப் பற்றி அறிவிக்கும் புகழ்பெற்ற பாடலில், தாம் போற்றப்படப்போகும் இடமாக அவர் குறிப்பிடுவது தலைநகரையன்று. ஆர்ப்பரித்து ஓடும் அவுபிதுஸ், அதாவது இன்றைய ஒஃபாந்தோ ஆறு பாயும் நாட்டையே. தாம் லுக்கானியரா அப்புலியரா என்று தமக்கே தெளிவில்லை என்றும், வெனூசியாவின் உழவர் இரு நாட்டின் எல்லையிலும் ஏர் ஓட்டுவதாகவும் இன்னோரிடத்தில் எழுதியுள்ளார்.

ஊரின் நடுவே உள்ள சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. நேப்பிள்ஸ் சிற்பி அக்கில்லே தோர்சி வடித்த அது 1898-இல் திறக்கப்பட்டது.

‘ஹொரேஸின் வீடு’ என்று காட்டப்படுவது உண்மையில் அவருடைய வீடா?

இல்லை. அது ஒரு ரோமானிய மாளிகையின் குளியல் அறைகளின் எச்சம். கவிஞர் இறந்து வெகுகாலத்துக்குப் பின் கட்டப்பட்டது. ரோமானிய வெந்நீர் அறைகளின் அமைப்பை அறிய விரும்புவோர் அதைப் பார்க்கலாம்.

வெனோசாவின் யூதக் கல்லறைகள் ஏன் முக்கியமானவை?

இவ்வூரைப் பற்றி ஒரேயொரு செய்தியைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊருக்குக் கிழக்கே மத்தலேனா குன்றின் மென்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்கக் கல்லறைகள் 1853-இல் கண்டறியப்பட்டன. கி.பி. நான்காம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரை இவ்வூரில் வாழ்ந்த யூத மக்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். நீண்ட வழிகளின் இரு பக்கச் சுவர்களிலும் தரையிலும் குழிகள் வெட்டப்பட்டு, சாந்து பூசி மூடப்பட்டு, அந்தச் சாந்தின்மீது பெயர்கள் கீறப்பட்டோ சிவப்பு வண்ணத்தில் தீட்டப்பட்டோ உள்ளன. வளைவுக் கூரையுள்ள ஒரு கல்லறையில் ஏழுகிளை விளக்கின் ஓவியம் உள்ளது. கிரேக்கம், இலத்தீன், எபிரேயம் ஆகிய மும்மொழிகளிலும் கல்லறை எழுத்துகள் உள்ளன.

அவற்றுள் பவுஸ்தினா என்னும் சிறுமிக்கான எழுத்தை வாசிப்போர் எளிதில் மறக்க மாட்டார்கள். பதினான்கு வயதும் ஐந்து மாதமும் நிரம்பியவள்; பெற்றோருக்கு ஒரே மகள்; தூதர் இருவரும் ரபிமார் (யூத சமய ஆசான்கள்) இருவரும் அவளுக்காக இரங்கற்பாடல் உரைத்தனர்; பெற்றோருக்குப் பெருந்துயரையும் ஊருக்குக் கண்ணீரையும் தந்து சென்றாள் என்று, மக்கள் பேசிய கொச்சை இலத்தீனில் அது கூறுகிறது. இறுதியில் அவள் ஆன்மா இளைப்பாறட்டும் என்ற வாழ்த்து எபிரேயத்தில் உள்ளது. ஒரு சிறுமியின் சாவுக்கு நகரமே அழுதது என்று எழுதக்கூடிய அளவுக்கு அச்சமூகம் ஊரோடு ஒன்றியிருந்தது என்பதை இந்தச் சில வரிகள் காட்டுகின்றன.

ஊர்ப் பெரியவர்களின் பட்டங்களும் இவ்வெழுத்துகளில் வருகின்றன. ‘மூப்பர்’ என்ற பட்டத்துடன் பெண்களும் குறிக்கப்பட்டுள்ளனர். அது வழிபாட்டுக்கூட நிர்வாகப் பொறுப்பைச் சுட்டுகிறதா, குடும்பத்தால் வந்த மதிப்பைச் சுட்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகற்களும் இங்கே கிடைத்துள்ளன; அவை முழுக்க எபிரேயத்தில் பொறிக்கப்பட்டவை. பழைய எழுத்துகளில் எபிரேயம் பெரும்பாலும் ஓரிரு வாழ்த்துச் சொற்களாகவே வந்ததால், இடைப்பட்ட காலத்தில் தென் இத்தாலிய யூதரிடையே அம்மொழிக் கல்வி எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு வெனோசா நேரடிச் சான்றாகிறது.

நார்மானியர் இங்கே எப்போது வந்தனர்?

பிரான்சின் நார்மண்டியிலிருந்து கூலிப்படையினராக வந்தவர்கள், 1041 மார்ச்சில், வெனோசாவுக்கு அருகே ஒலிவேந்தோ ஓடைக்கரையில் பைசாந்திய (கிழக்கு ரோமானிய)ப் படையைத் தோற்கடித்தனர். 1043-இல் மெல்ஃபி நகரில் கூடி வென்ற நிலங்களைப் பங்கிட்டுக்கொண்டபோது வெனோசா ஒத்வில் குடும்பத்தைச் சேர்ந்த திரோகோவுக்குக் கிடைத்தது. ஊரின் கிழக்கே இருந்த தூய திரித்துவத் துறவுமடத்தை அக்குடும்பம் போற்றி வளர்த்தது. 1059-இல் திருத்தந்தை இரண்டாம் நிக்கோலாஸ் அதன் ஆலயத்தை அர்ச்சித்தார்.

‘இரும்புக்கை’ வில்லியம், திரோகோ, ஹம்ஃப்ரி, அவர்களுக்குப் பின் ரொபேர் கிஸ்கார் ஆகிய சகோதரர்கள் இந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். இவர்களுள் கிஸ்கார் 1085-இல் பைசாந்தியப் பேரரசுக்கு எதிரான படையெடுப்பின்போது கெஃபலோனியாத் தீவில் காய்ச்சலால் இறந்தார். உடலைக் கொண்டுவந்த கப்பல் புயலில் சிக்கியது. கடலில் விழுந்த உடலை மீட்டு, இதயத்தையும் குடலையும் ஒத்ராந்தோவில் புதைத்து, எஞ்சியதைப் பதப்படுத்தி வெனோசாவுக்குக் கொணர்ந்தனர். இன்று சகோதரர் அனைவரின் எலும்புகளும் ஒரே எளிய கல்லறையில் உள்ளன. கிஸ்காரின் முதல் மனைவி அல்பெராதாவுக்குத் தனிக் கல்லறை உள்ளது. மகனைத் தேடினால் அவன் கனோசாவில் உள்ளான் என்று அதன்மேல் பொறித்துள்ளனர். அந்த மகன், முதலாம் சிலுவைப் போரின் தலைவர்களுள் ஒருவராகி அந்தியோக்கியாவை ஆண்ட பொஹெமொந்த்.

முடிக்கப்படாத பெரிய ஆலயம் ஏன் முடிக்கப்படவில்லை?

பழைய ஆலயத்தின் பின்புறம், அதே நேர்க்கோட்டில், அதைவிடப் பெரிய ஆலயமொன்றைப் பெனடிக்டின் துறவியர் கட்டத் தொடங்கினர். பீடப்பகுதியும் சுவர்களும் தூண்வரிசையும் எழுந்தன, கூரை எழவில்லை. புரவலர்களான நார்மானிய மரபு ஓய்ந்தது, மடத்தின் வருவாயும் ஒழுங்கும் குன்றின. 1297-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாசு துறவியரை நீக்கி, மடத்தைப் புனித யோவான் மருத்துவப் படைத்துறவியரிடம் ஒப்படைத்தார். அதன்பின் கட்டுமானத்தை யாரும் தொடரவில்லை.

இந்த ஆலயத்தின் சுவர்களை வாசிப்பதே ஒரு கல்வி. சாலைக்கு எதிரே இருந்த ரோமானிய வட்டரங்கம்தான் கல் எடுக்கும் இடமாகப் பயன்பட்டது. ஆகையால் சால்வியுஸ் கப்பித்தோ என்பவரின் கிளாடியேட்டர் குழுவைக் குறிக்கும் இலத்தீன் கல்வெட்டும், ரோமானியக் கல்லறைகளின் முகச்சிற்பங்களும், மேலே சொன்ன எபிரேய நடுகற்களும் ஒரே சுவரில் அடுத்தடுத்துப் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சமூகத்தின் கல்லறைக் கற்களைப் பெயர்த்தெடுத்துச் சுவர் எழுப்பியது வருத்தத்துக்கு உரியதே. ஆயினும் அவ்வாறு பதிக்கப்பட்டதால்தான் அக்கற்களில் சில எழுத்தழியாமல் எஞ்சின.

மன்னர் மன்ஃபிரேதி வெனோசாவில் பிறந்தவரா?

ஆம், 1232-இல் இங்கே பிறந்தார் என்பதே மரபு. பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கும் பியாங்கா லான்சியாவும் அவருடைய பெற்றோர். 1258-இல் பலெர்மோவில் சிசிலியின் மன்னராக முடிசூடினார். திருத்தந்தையரின் ஆதரவுடன் வந்த ஆஞ்சு நாட்டுச் சார்லசை எதிர்த்து 1266 பிப்ரவரி 26 அன்று பெனவெந்தோவில் போரிட்டு மடிந்தார். திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவராக இறந்த அவரை, இறுதி நொடியில் மனந்திரும்பி மீட்படைந்தவராகக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் காட்டினார். பொன்னிற முடியும் அழகிய தோற்றமும் கொண்டவராக அவர் தாந்தேயின் வரிகளில் வருகிறார்.

ஊர்க் கோட்டையைக் கட்டியவர் யார்?

1470-இல் பிர்ரோ தெல் பால்சோ என்னும் கோமகன் கட்டத் தொடங்கினார். நான்கு மூலைகளிலும் உருண்டைக் கோபுரங்களும் சுற்றிலும் ஆழமான அகழியும் உடைய சதுரக் கோட்டை அது. அந்த இடத்தில் இருந்த பழைய பேராலயம் இதற்காக இடிக்கப்பட்டது. புதிய பேராலயம் ஊரின் மறுபக்கத்தில் எழுப்பப்பட்டு 1502-இல் முடிந்தது. பிர்ரோ நேப்பிள்ஸ் மன்னருக்கு எதிரான பிரபுக்களின் சதியில் சேர்ந்து, சிறைப்பட்டு உயிரிழந்தார். பின்வந்த ஜெசுவால்தோ குடும்பத்தினர் கோட்டையை மாளிகையாக மாற்றினர். 1612-இல் எம்மானுவேலே ஜெசுவால்தோ இங்கே இலக்கியக் கழகம் ஒன்றை நிறுவினார். 1991 முதல் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் இதனுள் இயங்குகிறது.

இசையமைப்பாளர் கார்லோ ஜெசுவால்தோ யார்? அவர் செய்த கொலையைப் பற்றி நாம் அறிவது என்ன?

1561-இல் வெனோசாவின் கோமகன் என்ற பட்டத்தை ஜெசுவால்தோ குடும்பம் பெற்றது. கார்லோ 1566 மார்ச் 8 அன்று வெனோசாவில் பிறந்தார். தாய் ஜெரோனிமா, பின்னர் புனிதராக அறிவிக்கப்பட்ட கர்தினால் கார்லோ பொரோமெயோவின் சகோதரி. அண்ணன் இளவயதில் இறந்ததால் பட்டமும் சொத்தும் கார்லோவுக்கு வந்தன. மரபு தொடர வேண்டி 1586-இல் உறவினரான மரியா தாவலோஸை மணந்தார்.

1590 அக்டோபர் 16 இரவில், நேப்பிள்ஸ் மாளிகையில், மரியாவும் அவருடைய காதலரான ஆந்திரியாவின் கோமகன் ஃபாபிரித்சியோ கராஃபாவும் கொல்லப்பட்டனர். கார்லோ தம் பணியாளர்களுடன் சேர்ந்து இதைச் செய்தார் என்பது நீதிமன்ற அலுவலர் பதிவு செய்த சாட்சியங்களில் உள்ளது. குடும்ப மானம் காக்கச் செய்த செயல் என்று கருதி வழக்கு கைவிடப்பட்டது. உயர்குடியினருக்கு அன்றைய சட்டமும் வழக்கமும் அளித்த பாதுகாப்பு அது. பின்னாளில் இந்நிகழ்ச்சியைச் சுற்றி எத்தனையோ கற்பனைகள் வளர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை கொலையுண்ட இருவரையும் மறக்கச் செய்து, கொன்றவரை விந்தை மனிதராக உயர்த்துகின்றன. அது நியாயமன்று.

1594-இல் ஃபெர்ராரா அரசகுடும்பத்தின் லெயோனோரா தெஸ்தேயை மணந்தார். அந்நகரம் அன்று இத்தாலியின் இசை முயற்சிகளுக்குத் தலைமையிடமாக இருந்தது. லுத்சாஸ்கோ லுத்சாஸ்கி போன்ற இசைவாணர்களின் தாக்கத்தை ஜெசுவால்தோ அங்கே பெற்றார். பல குரல்கள் ஒருங்கே பாடும் மாத்ரிகல் வடிவில் ஆறு தொகுதிகள் வெளியிட்டார். 1611-இல் வெளியான ஐந்தாம், ஆறாம் தொகுதிகளும், அதே ஆண்டு அச்சான புனித வாரத்துக்கான வழிபாட்டு இசையும் அவருடைய உச்சம். சாவு, துயரம், பெருமூச்சு போன்ற சொற்கள் வரும் இடங்களில், எதிர்பாராத சுருதிக்கு இசை சட்டென்று நழுவுகிறது. அரைச்சுர இடைவெளிகளில் குரல்கள் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. அடுத்த சொல்லில் விரைந்து ஓடி மீண்டும் உறைகின்றன. அத்தகைய துணிச்சலை அடுத்த முந்நூறு ஆண்டுகளில் வெகு சிலரே காட்டினர். இருபதாம் நூற்றாண்டில் இகோர் ஸ்திராவின்ஸ்கி அவருடைய மாத்ரிகல்கள் மூன்றை வாத்தியக் குழுவுக்கு மாற்றி 1960-இல் அஞ்சலி செலுத்தினார்.

ஜெசுவால்தோ தம் இறுதி ஆண்டுகளை வெனோசாவில் கழிக்கவில்லை. குடும்பப் பெயரைக் கொண்ட ஜெசுவால்தோ ஊர்க் கோட்டையிலேயே கழித்தார். மகன் எம்மானுவேலே 1613-இல் இறந்த சில வாரங்களில், செப்டம்பர் 8 அன்று தாமும் இறந்தார். நேரடி ஆண்வழி மரபு அத்துடன் முடிந்தது.

வெனோசா தந்த பிற எழுத்தாளர்கள், அறிஞர்கள் யாவர்?

கவிஞர் லூயிஜி தான்சில்லோ 1510-இல் இங்கே பிறந்தார். நேப்பிள்ஸின் ஸ்பானிய ஆளுநர் பேத்ரோ தெ தொலேதோவின் பணியில் இருந்தார். இளமையில் எழுதிய சிற்றின்பக் கவிதையால் 1559-இல் திருச்சபையின் தடைப்பட்டியலில் இடம்பெற்றார். பின்னர் புனித பேதுருவின் கண்ணீரைப் பற்றி அவர் எழுதிய பக்திக் காவியத்திலிருந்து இருபது பாடல்களுக்கு ஒர்லாந்தோ தி லாஸ்ஸோ 1594-இல் இசையமைத்தார்; அதுவே அந்த இசைமேதையின் இறுதிப் படைப்பு. மெய்யியலாளர் ஜொர்தானோ புரூனோ தம் உரையாடல் நூல் ஒன்றில் தான்சில்லோவை ஒரு பாத்திரமாகவே பேசவைத்தார்.

சட்ட அறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா தெ லூக்கா 1614-இல் பிறந்தார். எளிய குடும்பத்திலிருந்து ரோமுக்குச் சென்று வழக்கறிஞராகி, 1681-இல் கர்தினாலாக உயர்ந்தார். வழக்குகளின் பெருந்தொகுப்பை இலத்தீனில் வெளியிட்டவர், 1673-இல் சட்டம் முழுவதையும் இத்தாலிய மொழியில் எழுதினார். சட்டத்துக்குக் கட்டுப்படும் மக்கள் அதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாட்டைச் சக வழக்கறிஞர் பலர் விரும்பவில்லை. திருத்தந்தையர் தம் உறவினருக்குப் பதவிகளை வழங்கும் வழக்கத்தை ஒழிக்கவும் பதினோராம் இன்னொசென்டுக்குத் துணைநின்றார். வெனோசாவின் மைந்தர்களில் ஹொரேசுக்கு அடுத்த இடத்தை, கோமகன் கார்லோவுக்குத் தராமல், இவருக்கே தருவேன்.

ஓவியர் ஜாக்கொமோ தி கிரிக்கோவும், 1922-இல் இத்தாலியின் கருவூல அமைச்சராக இருந்த பொருளியல் அறிஞர் வின்சென்சோ தாங்கோர்ராவும் இவ்வூரினரே.

1861-இல் கொள்ளைக்கூட்டம் ஊரைப் பிடித்தது ஏன்?

இத்தாலி ஒன்றிணைந்து ஒரு மாதம்கூட முடியாத நிலையில், 1861 ஏப்ரல் 10 அன்று, கார்மினே கிரோக்கோவின் தலைமையில் வந்த கூட்டம் வெனோசாவைக் கைப்பற்றியது. அவர்களை வெறும் கொள்ளையர் என்று ஒதுக்கிவிட முடியாது. நிலப்பங்கீடு வரும் என்ற நம்பிக்கையில், இத்தாலிய ஒருங்கிணைப்பின் படைத்தலைவரான கரிபால்தியை வரவேற்ற உழவர்கள், பொதுநிலங்கள் பழைய செல்வர்களிடமே தங்கிவிட்டதைக் கண்டு ஏமாந்தனர். கிரோக்கோவும் கரிபால்தியின் படையில் இருந்தவர்தாம். பதவியிழந்த பூர்போன் அரசகுலத்தின் ஆதரவாளர்கள் அந்தச் சினத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். ஊரில் சிறைக்கதவுகள் திறக்கப்பட்டன. செல்வர் வீடுகள் சூறையாடப்பட்டன. கொல்லப்பட்டவர்களில் முதிய மருத்துவர் பிரான்செஸ்கோ சவேரியோ நித்தியும் ஒருவர். அதே பெயர்கொண்ட அவருடைய பேரன் பின்னாளில் இத்தாலியின் பிரதமரானார்.

இருபதாம் நூற்றாண்டில் ஊர் எவ்வாறு மாறியது?

நிலமற்ற கூலிகளின் வறுமை நீண்டகாலம் தீரவில்லை. 1956 ஜனவரியில், வேலையற்றோர் பழுதடைந்த சாலையைக் கூலியின்றித் தாமே சீரமைத்து, வேலை கேட்டுப் போராடினர். காவல்துறை சுட்டதில் ரொக்கோ ஜிராசோலே என்னும் இளம் தொழிலாளி இறந்தார். வடக்கு இத்தாலிக்கும் அயல்நாடுகளுக்கும் பலர் குடிபெயர்ந்தனர்.

அடுத்த ஆண்டே, 1957-இல், திராட்சை உழவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஒயின் ஆலையைத் தொடங்கினர். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் விளையும் அல்யானிக்கோ என்னும் கருந்திராட்சை மிகத் தாமதமாகப் பழுக்கும். அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும்தான் அறுவடை. 1971-இல் அல்யானிக்கோ தெல் வுல்த்துரே ஒயினுக்குச் சட்டப்படியான பிறப்பிடத் தகுதியும், 2010-இல் அதன் உயர்வகைக்கு மேல்நிலைத் தகுதியும் கிடைத்தன.

நேரில் செல்வோர் எவற்றை எந்த வரிசையில் பார்க்கலாம்?

கிழக்கு எல்லையில் தொல்லியல் பூங்காவும் திரித்துவ ஆலயமும் அருகருகே உள்ளன. முதலில் ரோமானியக் குளியலறைகளையும் சாலைக்கு எதிரே உள்ள வட்டரங்கத்தையும் பார்த்துவிட்டு, அதன்பின் முடிக்கப்படாத ஆலயத்துக்குள் சென்றால், சுவரிலுள்ள கற்கள் எங்கிருந்து வந்தன என்பது தானே விளங்கும். அங்கிருந்து மேற்கே, ஊரின் நீளமான முதன்மைத் தெரு வழியே பேராலயத்தையும் ஹொரேஸின் சிலையையும் கடந்து நடந்தால் கோட்டையை அடையலாம். அகழிப் பாலத்தின் நுழைவில் உள்ள இரண்டு சிங்கத் தலைகளும் ரோமானிய வெனூசியாவிலிருந்து எடுத்துவந்தவையே. யூதச் சுரங்கக் கல்லறைகளைப் பார்க்க விரும்புவோர், அவை எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதால், அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்துகொண்டு பயணத்தை வகுத்துக்கொள்வது நல்லது.